கொப்புளப் புண்ணும் மருந்துக்கு அடங்காத கிருமியும்



தோலில் கொப்புளம் கண்டால் நம் மக்கள் முதலில் தேடுவது ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத்தான். "டிரெசர் ஐயா, போன தடவை குடுத்த மருந்து கேக்கல. இன்னும் கொஞ்சம் பவரா ஒண்ணு குடுங்க" என்று யாராவது ஒருவர் கேட்காத வாரம் தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடையாது. இன்னும் சிலர், பக்கத்து வீட்டில் மிஞ்சிய கேப்சூலை வாங்கிப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளைப் புண்ணின்மேல் தூவிக்கொண்டே வருவார்கள்.

இந்தப் பழக்கம் எல்லோருக்குமே கெடுதல்தான். ஆனால் மாதக்கணக்கில் உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பும் நோய் ஒருவருக்கு இருந்தால், அவருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏன் என்பதைத்தான் இம்முறை விளக்கப் போகிறேன்.

எல்லாக் கொப்புளமும் ஒன்றல்ல

புது பூட்ஸ் கடித்தாலும் கொப்புளம் வரும். வெந்நீர் கொட்டினாலும், புல்லுக்கு அடிக்கிற மருந்து தோலில் பட்டாலும் வரும். ‘செமுட் காயாப்’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சின்ன வண்டைத் தோலில் வைத்து நசுக்கினாலும் எரிச்சலோடு கொப்புளம் கிளம்பும். சின்னம்மையும் அக்கியும் உங்களுக்குத் தெரிந்தவையே. இவை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும்.

ஆறாமல் ஒன்று காய ஒன்று புதிதாகக் கிளம்புகிறது என்றால், அது வேறு ரகம். அதில் முக்கியமானவை மூன்று.

ஒன்று, பெம்பிகஸ். நடுத்தர வயதில் அதிகமாக வரும். பாதிப் பேருக்கு மேல் முதலில் வாய்க்குள்தான் புண் வரும். சோறு விழுங்க முடியாது, காரம் பட்டால் உயிர் போகும். பிறகு தோலில் தளர்ந்த கொப்புளங்கள் வரும். லேசாகப் பட்டாலே உடைந்து, தோல் உரிந்த பச்சைப் புண்ணாக நிற்கும்.

இரண்டு, பெம்பிகாய்ட். இது பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. முதலில் தாங்க முடியாத அரிப்பு, பிறகு விறைப்பான பெரிய கொப்புளங்கள்.

மூன்றாவது, பிறவியிலேயே வரும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா. பிள்ளையைத் தூக்கினாலே தோல் கொப்பளிக்கும்.

பெம்பிகஸ் எப்படி வருகிறது? நம் மேல்தோலைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செல்லும் ஒரு செங்கல். செல்லைச் செல்லோடு ஒட்டவைக்கும் சாந்து போன்ற பொருளுக்கு டெஸ்மோகிளீன் என்று பெயர். கிருமியை எதிர்க்கப் படைக்கப்பட்ட நம் உடம்பின் காவல் படை, ஏதோ தவறாக இந்தச் சாந்தையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. சாந்து விட்டுப் போனால் செங்கல் பிரியும், இடையில் நீர் கோக்கும். அதுதான் கொப்புளம்.

ஆக, இந்தக் கொப்புளத்தை உண்டாக்குவது கிருமி அல்ல. இது தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே லயத்து வீட்டில் படுத்தாலும் வராது. சாபமும் அல்ல, செய்வினையும் அல்ல. கிருமியால் வராத கொப்புளத்தைக் கிருமியைக் கொல்லும் மருந்து குணப்படுத்தாது. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கிருமி எங்கே வருகிறது?

தோல் நமக்கு வேலி. வேலி பிரிந்தால் வெளியே காத்திருப்பவை உள்ளே வரும். ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, நோய் நொடி இல்லாதவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருடைய மூக்கில் சும்மா குடியிருக்கிறது. அங்கே அதனால் தொந்தரவு இல்லை. அதே கிருமி, தோல் உரிந்த புண்ணில் விழுந்தால் இருபது முப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பெருகும். புண்ணிலிருந்து இரத்தத்துக்குள் போய்விட்டால், சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். ஈரமான இடத்தில் வளரும் சூடோமோனாஸ் என்ற கிருமியும் உண்டு. கட்டுத் துணியில் பச்சை நிறச் சீழும் ஒருவித வாடையும் இருந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

1950களில் ஸ்டீராய்டு மருந்து புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால், பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். இன்று முறையாக வைத்தியம் செய்துகொள்கிறவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். இருந்தும் இந்த நோயில் இறக்கிறவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் கொப்புளம் அல்ல, அதில் புகுந்த கிருமிதான். அந்தக் கிருமி மருந்துக்கு அடங்குகிறதா இல்லையா என்பதில்தான் அவர்கள் உயிர் இருக்கிறது.

புல்லுக்கு மருந்தடித்தவர்களுக்கு இது புரியும்

"அந்த மருந்து என் உடம்புக்குப் பழகிப்போச்சு" என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. மருந்துக்குப் பழகுவது உங்கள் உடம்பு அல்ல, கிருமி.

செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் தோழர்கள் சம்பாவ் புல்லை அறிவார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும்? ஆயிரம் புல் சாகும். அதற்குச் சாகாத ஒன்றிரண்டு மட்டும் நிற்கும். பக்கத்தில் போட்டி இல்லாததால் அது விதை போட்டுப் பரவும். சில காலம் கழித்துப் பார்த்தால் திடல் முழுக்க அந்த மருந்துக்கு மசியாத புல்தான். கிளைபோசேட் மருந்துக்குச் சாகாத சம்பாவ் புல் 1997 இல் நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டது.

கிருமியிலும் இதே கதைதான். ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது, மருந்துக்குச் சாகிற கிருமிகள் சாகும். சாகாதவை தங்கி, இடம் பிடித்துப் பெருகும். புல்லுக்கும் கிருமிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. புல்லுக்கு ஒரு போகம் ஆக வாரக்கணக்கு வேண்டும், கிருமிக்கு அரை மணி நேரம் போதும். அதுமட்டுமல்ல, மருந்தை எதிர்க்கும் வித்தையை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் முடியும்.

அலெக்சாண்டர் பிளெமிங் 1928 இல் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். 1945 இல் நோபல் பரிசு வாங்கியபோதே, இதைக் குறைந்த அளவில் கண்டபடி சாப்பிட்டால் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அவர் சொன்னது நடந்தது. 1950களில் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் பரவியது. அதை அடக்க 1959 இல் மெத்திசிலின் என்ற மருந்து வந்தது. இரண்டே வருஷத்தில், 1961 இல், அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அதைத்தான் இன்று எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிறார்கள். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் அது உண்டு. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கொப்புள நோயாளிக்கு ஏன் அதிக ஆபத்து?

இதற்கு நான்கு காரணம் உண்டு.

முதலாவது, அவருடைய வேலி மாதக்கணக்கில் திறந்தே கிடக்கிறது.

இரண்டாவது, கொப்புளத்தை அடக்க டாக்டர் கொடுக்கும் பிரெட்னிசோலோன், அசாதியோபிரின், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் தவறாகத் தாக்கும் காவல் படையைக் கட்டிப் போடுகின்றன. அதனால்தான் கொப்புளம் அடங்குகிறது. ஆனால் அதே காவல் படைதான் கிருமியையும் எதிர்க்க வேண்டும். பிரெட்னிசோலோன் சர்க்கரையையும் ஏற்றும். சர்க்கரை ஏறினால் புண் ஆறச் சுணங்கும்.

மூன்றாவது, அவர் அடிக்கடி வார்டில் படுக்கிறார். அடங்காத கிருமிகள் அதிகம் இருப்பது அங்கேதான்.

நான்காவது, புண்ணைப் பார்த்துப் பயந்து ஆளுக்கு ஓர் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். வீட்டில் மிஞ்சியது ஒன்று, கடையில் வாங்கியது ஒன்று, தெரிந்தவர் கொடுத்த களிம்பு ஒன்று. ஒவ்வொன்றும் அவர் தோலில் இருக்கும் அடங்கும் கிருமியைக் கொன்று, அடங்காததற்கு இடம் விட்டுக் கொடுக்கிறது.

முதல் மூன்றையும் நாம் பெரிதாக மாற்ற முடியாது. நான்காவது நம் கையில் இருக்கிறது. பியூசிடிக் ஆசிட் போன்ற களிம்பும் இதில் சேர்த்திதான். "மேலே தடவுறதுதானே" என்று மாதக்கணக்கில் தடவினால் தோலிலேயே அடங்காத கிருமியை வளர்க்கிறோம் என்று பொருள்.

இன்னொரு எச்சரிக்கை. "எல்லா நோவும் தீரும்" என்று விற்கிற மாஜுன், ஜாமு வகைகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால் கொப்புளம் கொஞ்ச நாள் அடங்கியது போல் தெரியும். உள்ளே எதிர்ப்புச் சக்தி போய்க்கொண்டிருக்கும்.

கிருமி இருப்பது வேறு, தாக்குவது வேறு

திறந்த புண் எதுவானாலும் அதில் கிருமி இருக்கும். குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்து லேபுக்கு அனுப்பினால் ஏதாவது ஒன்று வளரத்தான் செய்யும். அது சும்மா தங்கியிருந்தால் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. புண்ணைச் சுத்தமாக வைத்தால் போதும். அது சதைக்குள் புகுந்து தாக்கினால்தான் மருந்து வேண்டும்.

தாக்குகிறதா என்று எப்படித் தெரியும்? புண்ணைச் சுற்றி வீக்கம், சூடு, நாளுக்கு நாள் ஏறும் வலி, சீழ், கெட்ட வாடை. சிவப்பு நிறம் பரவும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் கறுப்புத் தோலில் அது சிவப்பாகத் தெரியாது, கருத்தோ ஊதாவாகவோ தெரியும். அதனால் புறங்கையால் தொட்டுச் சூடு பாருங்கள்.

அப்போது டாக்டர் முதலில் புண்ணைத் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். லேபில் அந்தக் கிருமியைத் தட்டில் வளர்த்து, வெவ்வேறு மருந்து தோய்த்த சின்ன வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழுகிறதோ, அந்த மருந்துக்கு அது அடங்கும். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் நிலைமை மோசமானால் டாக்டர் காத்திருக்க மாட்டார், ஒரு மருந்தைத் தொடங்கிவிட்டு முடிவு வந்ததும் மாற்றுவார். இது தடுமாற்றம் அல்ல, இதுதான் முறை. நீங்களாக முன்கூட்டியே இரண்டு கேப்சூல் போட்டுவிட்டுப் போனால் தட்டில் கிருமி சரியாக வளராது, பரிசோதனையே ஏமாற்றிவிடும். போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருந்தின் காலி அட்டையையும் கொண்டுபோங்கள்.

எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி உள்ளே புகுந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் வான்கோமைசின் போன்ற மருந்தை நரம்பு வழியாக மெல்ல இறக்குவார்கள். சிறுநீரகத்தையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் செய்கிற வேலை அல்ல அது.

ஒரு விஷயத்தில் குழம்ப வேண்டாம். பெம்பிகாய்ட் உள்ள சிலருக்கு டாக்டரே டாக்சிசைக்ளின் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பதுண்டு. அது ஆன்டிபயாட்டிக் ஆனாலும், அங்கே தோலின் அழற்சியைத் தணிக்கவே கொடுக்கப்படுகிறது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வில் இது பலன் தருகிறது என்று 2017 இல் வெளியிட்டார்கள். அப்படிக் கொடுத்திருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

புண்ணைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிருமி பெரும்பாலும் கைவழியாகத்தான் போகிறது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

கொப்புளத்தை நகத்தால் கிள்ளி உரிக்க வேண்டாம். மேல் தோல் இருக்கும்வரை அதுவே நல்ல கட்டு. பெரிதாகி வலித்தால் டிரெசரிடம் வாருங்கள். சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, தோலை அப்படியே படியவிடுவோம்.

தினமும் குளிக்கலாம், குளிக்க வேண்டும். "தண்ணி பட்டா சீழ் வைக்கும்" என்பது தவறான பேச்சு. சுத்தமான தண்ணீர், மெல்லிய சோப்பு, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. வாய்க்கால் தண்ணீர், தேக்கி வைத்த பழைய தண்ணீர் வேண்டாம்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீரில் நனைக்கச் சொன்னால், வெளிர் ரோஸ் நிறம் இருந்தால் போதும். கரையாத துகள் தோலில் பட்டால் சுட்டுவிடும். கரைக்கிற முறையை டிரெசரிடம் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டு ஒட்டாததாக இருக்க வேண்டும். பாராபின் தடவிய சல்லாத் துணி நல்லது. பஞ்சை நேரே வைத்தால் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோலையும் உரித்துவிடும். பிளாஸ்டரைத் தோலில் ஒட்டவே கூடாது.

அக்கி என்று நினைத்துக் காவி மண் பூசுவது, சாணம், சாம்பல், பற்பசை தடவுவது, இவையெல்லாம் கிருமியைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குச் சமம். அம்மை என்று வேப்பிலை கட்டி வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

துண்டு, சவரக்கத்தி, தலையணை உறை தனியாக இருக்கட்டும். நோய் ஒட்டாது, ஆனால் புண்ணில் இருக்கும் கிருமி துண்டு வழியாகப் போகும். துணியைத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள்.

புண் வழியாகச் சத்து நீர் வடிந்துபோகிறது. அதனால் முட்டை, மீன், பருப்பு, பால் அதிகம் கொடுங்கள். வாய்ப்புண் இருந்தால் காரம் இல்லாமல் கஞ்சியாகக் கொடுங்கள்.

பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நாள்பட்டுச் சாப்பிட்டவர் சட்டென்று விட்டால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து. குறைப்பதை டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், சொன்ன அளவில், சொன்ன வேளையில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிஞ்சினால் அலமாரியில் சேர்க்க வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம். நம் நாட்டில் 1952 ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்படி ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கடைக்காரர் ரகசியமாக எடுத்துக் கொடுத்தால் அவர் உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள்

நடுக்கத்தோடு காய்ச்சல், வேகமான மூச்சு, படபடப்பு, கை கால் சில்லிடுதல், பேச்சுக் குழறுதல், எந்நேரமும் தூக்கம், சிறுநீர் குறைதல். இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், தோட்டத்து வண்டியைக் கேளுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் கிருமி பரவினாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். "உடம்பு சுடலியே" என்று ஏமாந்துவிடாதீர்கள். ஆள் வழக்கம்போல் இல்லை என்று வீட்டுக்காரருக்குத் தோன்றினால் அதுவே போதுமான காரணம். கண்ணில் புண் வந்தாலும் தாமதிக்கக் கூடாது.

வார்டில் அடங்காத கிருமி என்று தெரிந்தால் நோயாளியைத் தனி அறையில் போடுவார்கள். நர்ஸ் கையுறையும் அங்கியும் போட்டுக்கொண்டுதான் வருவார். இதைப் பார்த்து "தீண்டத்தகாதவர் மாதிரி ஒதுக்கிட்டாங்களே" என்று நம் ஆட்கள் மனம் உடைந்து, சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிடுவதுண்டு. அது ஒதுக்குவது அல்ல. பக்கத்துப் படுக்கையில் ஆபரேஷன் முடிந்து கிடப்பவருக்குக் கிருமி போகாமல் தடுப்பது. நீங்கள் போய்ப் பார்க்கலாம், பேசலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். நர்ஸ் சொல்கிறபடி செய்துவிட்டு, வெளியே வரும்போது கை கழுவினால் போதும்.

வேலையும் சம்பளமும்

சம்பளம் போகுமே என்று புண்ணை நீளக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மரம் வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேர்வையும் அழுக்கும் உரமும் படுகிற அந்த வேலை புண்ணைக் கெடுக்கும். தீபகற்ப மலேசியாவில் 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு நோய் விடுப்பு உங்கள் உரிமை. இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவந்தால் வருஷத்துக்கு 60 நாள்வரை உண்டு. 1-1-2023 முதல் அந்த 60 நாளும் சாதாரண நோய் விடுப்புக்கு மேற்பட்டது. நோயினால் நிரந்தரமாக உழைக்க முடியாமல் போனால், சந்தா நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பெர்கேசோவின் இயலாமைத் திட்டத்தில் மனுச் செய்யலாம். டாக்டர் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் தோட்டக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

ஆகவே தோழர்களே, இரண்டு மூன்று வாரம் தாண்டியும் கொப்புளம் கிளம்பிக்கொண்டே இருந்தால், அல்லது காரணம் தெரியாமல் வாய்ப்புண் ஆறாமல் இருந்தால், "பவரான மாத்திரை" கேட்காதீர்கள். தோல் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். கொப்புள நோய்க்கு மருந்து இருக்கிறது. கிருமிக்கும் மருந்து இருக்கிறது. தேவையில்லாத நாளில் அதைச் செலவழிக்காமல் இருந்தால்தான், தேவைப்படும் நாளில் அது நம் ஆளைக் காப்பாற்றும்.